பெட்டிக்குள் அடங்காத கார்டு

சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டைத் தவிர எல்லாம் இருந்தது. மதர்போர்டு, புராசஸர், ஜோடியாக ராம், பவர் சப்ளை, ஓரமாக, இவற்றையெல்லாம் உள்ளே பொருத்த ஒல்லியான கறுப்பு கேபினட் ஒன்று. வீட்டுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ப்பதற்காக ஒரு மனிதர் மாதக்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கிய சாமான்கள் அவை. சாமான்கள் பத்திரமாக இருந்தன. பொறுக்கியவரைத்தான் காணவில்லை.

"இந்தப் பெட்டிதான் மேடம்," என்றாள் அவர் மனைவி. மேஜையில் இருந்ததிலேயே பெரிய பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி நீட்டினாள். "சனிக்கிழமை கடையிலேர்ந்து வந்துச்சு, அவர் பேர் போட்டு. வியாழக்கிழமை போனவர் சனிக்கிழமை கடைக்குப் போய் இதை வாங்கியிருக்கார்னா, உயிரோடதானே இருக்கார்?"

கேள்வி போலத்தான் கேட்டாள். ஆனால் வேறு பதில் வந்தால் அவள் தாங்கமாட்டாள் என்பது குரலிலேயே தெரிந்தது. சர்வேயரம்மா பெட்டியை வாங்கிக்கொண்டார்.

சர்வேயரம்மா என்பது பட்டப்பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடைகளையும் நொறுங்கிய கார்களையும் பார்த்து, எது விபத்து எது வித்தை என்று பிரித்துச் சொல்லும் சர்வேயர் வேலையில் தலை நரைத்தவர். அந்த வேலையை விட்டபின் துப்பறியும் அலுவலகம் திறந்தார். உதவியாளன் ஒருவன் உண்டு. தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பதால் அவன் பெயர் ரேடியோ. தூக்கத்திலும் பேசுவான் என்று அவன் மனைவி சொல்லிக் கேள்வி.

போலீஸ் இந்த வழக்கைக் கைகழுவிவிட்டிருந்தது. காணாமல் போனவர் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவர். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கிறார். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, தோளில் ஒரு பையோடு, ஒரு வேலை இருக்கிறது, வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை முழுக்க ஆஸ்பத்திரி, தண்டவாளம், பஸ் நிலையம் என்று போலீஸார் ஒழுங்காகத்தான் தேடினார்கள். சனிக்கிழமை இந்தப் பெட்டி வந்தது. இன்ஸ்பெக்டர் கடைக்கு ஒரு போன் போட்டு, அவர் பெயரில்தான் வாங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற ஆள் காணாமல் போன ஆள் இல்லை, கோபித்துக்கொண்டு போன ஆள். கோபம் ஆறினால் வருவார் என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டார். இன்று செவ்வாய்.

"இது வந்தப்புறம்தான் மேடம் ஒரு வாய் சாப்பிட்டேன்," என்றாள் மனைவி. "எங்க பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்ட கார்டு. அனிமேஷன் படிக்கிறா. அவர் முடியவே முடியாதுன்னார். இப்ப மனசு மாறி வாங்கி அனுப்பியிருக்கார். ஆனா எங்கே இருக்கார்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறார்."

டீ போட அவள் உள்ளே போனாள். ரேடியோ பெட்டியைப் பிரித்து, கம்ப்யூட்டரில் படங்களை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டை வெளியே எடுத்தான். மூன்று விசிறி வைத்த, செங்கல் கனத்தில் ஒரு சாமான்.

"விலையைப் பார்த்தா இதுக்குத் தனி ரூமே கட்டிக் குடுக்கணும் போல."

"முதல்ல இந்தக் கேபினட்ல குடித்தனம் வை, பார்க்கலாம்," என்றார் சர்வேயரம்மா.

ரேடியோ கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஷூ டப்பா அட்டையில் வெட்டி, மடித்து, ஓரம் ஒட்டிய வெறும் அட்டைப்பெட்டி. கிராபிக்ஸ் கார்டு வரவேண்டிய இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, நிஜக் கார்டை நேராக வைத்துப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் பார்த்தான். கார்டு ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"மேடம், கட்டில்ல கால் நீட்டிப் படுத்த எங்க மாமா மாதிரி இருக்கு."

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. அட்டைப்பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜையில் இருந்த ஒவ்வொரு சாமானையும் எடுத்துப் பார்த்தார். அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் தெரியாது. மனிதர்கள் சாமான் வாங்கும் விதத்தைப் பற்றி நிறையத் தெரியும். கம்ப்யூட்டர் விவரத்தை ரேடியோ சொல்ல, மீதியை அவரே படித்துக்கொண்டார்.

புராசஸர் இந்த வருஷத்தியது இல்லை, போன வருஷத்தியது. வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் விலை இறங்கியதும் வாங்கியிருக்கிறார். அதில் மிச்சம் பிடித்ததை ராமில் போட்டிருக்கிறார், படம் வரைகிற பெண்ணுக்கு அதுதான் முக்கியம் என்று. கலர் விளக்கு, கண்ணாடிக் கதவு எதுவும் கிடையாது. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணவில்லை. அது மட்டமாக இருந்தால் மற்றதையெல்லாம் சேர்த்து எரித்துவிடும். எட்டிப் பார்த்தபோது, மகளின் அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த இடுக்கில், சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. அந்த இடுக்குக்கு ஏற்ற கேபினட், அந்தக் கேபினட்டுக்கு ஏற்ற சின்ன மதர்போர்டு. கடைசியாகக் கார்டுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அட்டையில் வெட்டியே பார்த்திருக்கிறார். தொழிற்சாலையில் அவரை இன்ச்டேப் என்று கூப்பிடுவார்களாம். சும்மா வைத்த பெயர் இல்லை.

"இந்த மனுஷன் செருப்பு வாங்கினாக்கூட வாசப்படியை அளந்துட்டுத்தான் வாங்குவார் மேடம்," என்றான் ரேடியோ. சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "அப்போ இந்தக் கார்டை..."

"மெதுவாப் பேசு," என்றார் சர்வேயரம்மா. "அவர் வாங்கல."

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெட்டியை நம்பித்தான் அவள் சாப்பிடுகிறாள், எழுந்து நடமாடுகிறாள், டீ போடுகிறாள். அதைப் பிடுங்கிவிட்டால் கையில் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. சர்வேயரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, அட்டைப்பெட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கடை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய சந்தில் இருந்தது. இன்ச்டேப்பைச் சொன்னதும் கடைக்காரர் கும்பிடு போட்டார். அப்படி ஒரு கஸ்டமரைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். கேபினட் வாங்க வந்தவர் கடையில் இருந்த எல்லாக் கேபினட்டையும் திறந்து டேப் வைத்துப் பார்த்தாராம். தலைவலி பிடித்த ஆள்தான், ஆனால் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொண்டுவந்ததே இல்லை என்றும் சொன்னார். அவரைக் காணவில்லை என்பதே கடைக்காரருக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டு வைத்துவிட்டாராம்.

"சனிக்கிழமை அந்தப் பெரிய கார்டை அவரே வந்து வாங்கினாரா?" என்று சர்வேயரம்மா கேட்டார்.

கடைக்காரர் தலையை ஆட்டினார். "இல்லம்மா. ஒரு பொண்ணு. முகத்துல துணி சுத்தியிருந்துச்சு. அவர் பேரையும் அட்ரஸையும் சொல்லி, அவர் வாங்கினதாப் போட்டு அனுப்பச் சொல்லிச்சு. சொந்தக்காரப் பொண்ணுன்னு நினைச்சேன். கார்டு வாங்க வர்றவங்க அரை நாள் கேள்வி கேப்பாங்க. இந்தப் பொண்ணு எந்தக் கார்டுன்னு யோசிக்கவே இல்ல, நேரா விரலை நீட்டிச்சு. கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், இன்னைக்கே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடுமான்னு."

சந்தை விட்டு வெளியே வருவதற்குள் ரேடியோ கதை, திரைக்கதை, வசனம் எல்லாம் எழுதிவிட்டான். இன்ச்டேப்புக்கு இன்னொரு வீடு இருக்கிறது, அங்கே ஒருத்தி இருக்கிறாள், போலீஸ் நெருங்கியதும் பயந்துபோய்ச் சாமான் அனுப்பித் திசைதிருப்புகிறாள் என்றான்.

"அடுத்தவ புருஷனைக் கூட்டிட்டுப் போனவ, அந்த வீட்டுப் பொண்ணு என்ன கார்டு ஆசைப்பட்டுச்சுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கி அனுப்புவாளா?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

ரேடியோவின் கதை அங்கேயே படுத்துவிட்டது. காரை ஓட்டியபடி சற்று யோசித்தவன், "மேடம், அப்படின்னா..." என்று இழுத்தான். மீதியைச் சொல்ல அவனுக்கும் பிடிக்கவில்லை.

மகள் கல்லூரி மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் படம் வரையும் நோட்டு விரித்தபடி, கையில் பென்சில், ஒரு கோடும் போட்டிருக்கவில்லை. சர்வேயரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தான் யார் என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டியை அவள் மடியில் வைத்தார்.

"உங்கப்பா வெட்டினது. கேபினட்டுக்குள்ள இருந்துச்சு. இதைவிட நீளமா எதுவும் உள்ளே போகாது. நீ அனுப்பின கார்டு போகலம்மா."

அந்தப் பெண் மறுக்கவில்லை. அட்டையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் அட்டையில் விழுந்தது. அவசரமாக அதைத் துடைத்தாள்.

"சனிக்கிழமை காலையில அம்மா எழுந்திருக்கவே இல்ல," என்றாள். "கூப்பிட்டா சுவரையே பார்த்துட்டு இருந்தாங்க. எனக்குப் பயமாப் போச்சு. அப்பா எங்கேயோ நல்லா இருக்கார்னு தெரிஞ்சா எழுந்துடுவாங்கன்னு நினைச்சேன். படம் வரைஞ்சு குடுத்துச் சேர்த்த பணம் இருந்துச்சு. போலீஸ் தேடறதை நிறுத்திடுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

"நிறுத்தினப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"அன்னைக்கு ராத்திரி அம்மா சாப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

இரண்டு பெண்களுக்கும் இடையில் அந்தப் பெட்டி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று இப்போதுதான் ரேடியோவுக்குப் புரிந்தது. ஒருத்தி அதை நம்பி உயிர் வாழ்கிறாள், இன்னொருத்தி அதை நினைத்துச் செத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா கோபித்துக்கொண்டு போனாரா என்று சர்வேயரம்மா கேட்டார். ஆமாம், தன்னால்தான் போனார் என்றாள் மகள். புதன்கிழமை இரவு அந்தக் கார்டுக்காகச் சண்டை. அவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு இடம் பத்தாது, இடம் பத்தாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். சின்னக் கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்றாராம். சின்னக் கார்டில் வேகம் வராது என்று இவள் கத்தியிருக்கிறாள்.

"கடைசியா நீ என்ன சொன்னே? ஞாபகப்படுத்திச் சரியாச் சொல்லு."

மகள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "உங்களுக்கு அளக்கறதைத் தவிர என்ன தெரியும்னு கேட்டேன். அவ்வளவு கெட்டிக்காரரா இருந்தா, அதே வேகத்துல சின்னதா ஒண்ணு கொண்டாந்து காட்டுங்கன்னேன்."

சர்வேயரம்மா சட்டென்று எழுந்தார். முழங்கால் வலி இருப்பதையே மறந்துபோய் எழுந்தார். "ரேடியோ, கடைக்காரருக்குப் போன் போடு. வேகமும் இருக்கணும், இந்த அட்டைக்குள்ளேயும் அடங்கணும், அப்படி ஒரு கார்டு வேணும்னு இன்ச்டேப் கேட்டாரான்னு கேளு."

கேட்டிருந்தார். வியாழக்கிழமை மத்தியானம்தான் வந்து கேட்டார் என்றார் கடைக்காரர். அப்படிக் குட்டையாக வருவது அபூர்வம், புதிதாகக் கைவசம் இல்லை. ஆனால் மூடிப்போன ஒரு விளம்பரப்பட நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கிப்போட்ட பழைய சாமான் குடோன் ஒன்று சரக்கு ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்று இவர்தான் வழி சொல்லியிருக்கிறார். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ரேடியோ எகிறினான். நீங்கள் பெரிய கார்டைப் பற்றி மட்டும்தானே கேட்டீர்கள் என்று கடைக்காரர் பாவமாகச் சொன்னார்.

மகள் கேட்காமலே காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

குடோன் ஷட்டர் இறங்கிப் பெரிய பூட்டுத் தொங்கியது. பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. கிரைண்டர் இரும்பைத் தின்கிற சத்தத்தில் காது அடைத்தது. பட்டறைக்காரர் கை ஜாடையும் கத்தலுமாகச் சொன்னார்: குடோன்காரர் ஊரில் இல்லை, வியாழக்கிழமை சாயங்காலமே மகள் பிரசவத்துக்குப் போய்விட்டார். ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நீளமான ஆணி இருந்தது. அதைச் சுற்றிச் சுவர் அழுக்கேறிப் பளபளவென்று தேய்ந்திருந்தது. சர்வேயரம்மா அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், சட்டை மாட்டப் போறீங்களா?" என்றான் ரேடியோ. ஆனால் அவன் குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

ஷட்டரில் எழுதியிருந்த நம்பருக்குக் கூப்பிட்டதும் குடோன்காரர் எடுத்தார். ஆமாம், பை தோளில் மாட்டிய ஒருவர் வியாழக்கிழமை வந்தார், குட்டைக் கார்டு கேட்டார், உள்ளே கடைசி ராக்கில் தேடிப் பார்க்கச் சொன்னேன் என்றார். பட்டறைச் சத்தத்தில் உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை, நேரமாகியும் காணோம், கிடைக்கவில்லை என்று போயிருப்பார் என்று நினைத்துப் பூட்டிவிட்டாராம். உள்ளே போய்ப் பார்க்கவில்லையா என்று சர்வேயரம்மா கேட்டார்.

"எதுக்கும்மா பார்க்கணும்? நம்ம குடோன்ல உள்ளே போறவங்க பையையோ ஹெல்மெட்டையோ வெளிய ஆணியில மாட்டிட்டுத்தான் போவாங்க. ஆணியில பை இருந்தா ஆள் உள்ளே, இல்லாட்டி ஆள் போயாச்சு. எத்தனையோ வருஷமா இப்படித்தான். அன்னைக்கு ஆணி காலியா இருந்துச்சும்மா."

சர்வேயரம்மா போனை இறக்கினார். அந்தப் பைக்குள் என்ன இருந்திருக்கும் என்று மகளிடம் கேட்டார். கேட்கும்போதே பதில் அவருக்குத் தெரியும். "டேப்," என்றாள் மகள். "டேப் இல்லாம அப்பா எங்கேயும் போக மாட்டார்."

கார்டை அளக்காமல் வாங்கத் தெரியாத மனிதர் பையை வெளியே மாட்டிவிட்டுப் போவாரா. தோளில் போட்டுக்கொண்டே உள்ளே போயிருக்கிறார். வெளியிலிருந்து வந்த ஆளுக்கு அந்த ஆணியின் சட்டம் யாரும் சொல்லித் தரவில்லை.

"அந்தக் கிரைண்டரை நிறுத்தச் சொல்லு," என்றார் சர்வேயரம்மா.

கிரைண்டர் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. தூரத்தில் ஏதோ லாரி ஹாரன் அடித்தது. மகள் ஷட்டரில் காதை வைத்துக்கொண்டு உறைந்து நின்றாள். பிறகு உள்ளே எங்கோ ஆழத்தில் தகரத்தில் தகரம் தட்டும் சத்தம் மெதுவாகக் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

பட்டறைக்காரரே பூட்டை அறுத்தார். ஷட்டர் பாதி ஏறுவதற்குள் ரேடியோ தரையோடு தரையாக உள்ளே புகுந்தான். பழைய மானிட்டர்கள், கீபோர்டுகள், வயர் மூட்டைகள் எல்லாம் தாண்டிக் கடைசி மூலையில் ஒரு ராக் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் கால் சிக்கி இன்ச்டேப் மல்லாந்து கிடந்தார். கை எட்டும் தூரத்தில், சுவரோரம் ஒழுகும் குழாய்க்குக் கீழே யாரோ எப்போதோ வைத்த ஒரு வாளி. அந்தத் தண்ணீர்தான் அவரை இதுவரை இழுத்து வந்திருக்கிறது. உதடுகள் வெடித்திருந்தன. டேப்பைப் பிடித்திருந்த கை இன்னும் ராக்கின் காலைத் தட்டிக்கொண்டிருந்தது, ஆள் வந்துவிட்டது தெரியாமல்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நாலு பேராகச் சேர்ந்து ராக்கைத் தூக்கினார்கள். மகள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா, அப்பா என்றாள். அவர் கண் திறந்து அவளைப் பார்க்க நேரம் பிடித்தது. பிறகு சட்டைக்குள் கையை விட்டுத் துழாவி எதையோ எடுத்தார். உள்ளங்கையைவிடச் சற்று நீளமான, ஒற்றை விசிறி வைத்த கார்டு.

"வேகம் அதேதான்," என்றார். குரலே வரவில்லை, காற்றுத்தான் வந்தது. "அளந்துட்டேன். அடங்கும்."

அவரை ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸ் ஆள், உயிருக்குப் பயம் இல்லை, காலைப் பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும், இத்தனை நாள் நசுங்கிக் கிடந்திருக்கிறதே என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கூடப் போவதற்காக ஒரு காலை வண்டியில் வைத்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று சர்வேயரம்மாவுக்குத் தெரிந்தது. சனிக்கிழமை அந்தப் பெட்டி வராமல் இருந்திருந்தால் இன்ஸ்பெக்டர் கடைக்கு நேரில் போயிருப்பார். இன்ச்டேப் வியாழக்கிழமை என்ன கேட்டார் என்று விசாரித்திருப்பார். அன்றைக்கே இந்தப் பூட்டு அறுந்திருக்கும். அந்தக் கணக்கில் தப்பு இருக்கிறது என்று சொல்ல சர்வேயரம்மாவுக்கு ஆசைதான். ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சர்வேயரம்மா இன்ச்டேப்பின் மனைவியைப் போனில் கூப்பிட்டார். கிடைத்துவிட்டார், உயிரோடு இருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். மறுமுனையில் அழுகை வெடித்தது. அழுகைக்கு நடுவே அவள் பேசியது, ஸ்பீக்கரில் போடாமலே பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"எனக்குத் தெரியும் மேடம். அந்தப் பெட்டி வந்தப்பவே தெரியும். அவர் அதை அனுப்பலன்னா நான் இன்னைக்கு இருந்திருக்கவே மாட்டேன்."

ஒரு பொய்யைக் கண்டுபிடிப்பது சர்வேயரம்மாவின் தொழில். அதை அப்புறம் என்ன செய்வது என்பதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஒரு தனி டிபார்ட்மென்ட் இருந்தது. இங்கே அது இல்லை. வேண்டுமானால் அப்படியே விட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

மகள் ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டினாள். சர்வேயரம்மா போனைக் கொடுத்தார்.

"அம்மா," என்றாள் அவள். "நான்தான். அந்தப் பெட்டி அப்பா அனுப்பினது இல்லம்மா."

பட்டறைக்காரர் மறுபடி கிரைண்டரைப் போடப் போனார். ரேடியோ ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு வார்த்தையும் பேசாமல், அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.